மீட்டர் பொய் சொன்னா யாரை நம்புறது?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடக்கு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதுலயும் போன மாசம் பிடுங்கின ஒரு ஆணிதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அதனால முதல்ல சொந்தக் கதை, அப்புறம் சரித்திரம். சொந்தக் கதை பிடிக்காதவங்க நாலு பத்தி தாண்டிக் குதிச்சிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

நான் பொட்டி தட்டுற இடத்துல பணப் பரிமாற்றம் சம்பந்தப்பட்ட மென்பொருள் ஒண்ணை எங்க டீம் பார்த்துக்குது. ராத்திரி முறை வச்சு ஒருத்தர் முழிச்சிருக்கணும். எங்கயாவது எதாவது நின்னு போச்சுன்னா செல்போன் அலறும். அந்த மாசம் ஒரு குறிப்பிட்ட அலாரம் மட்டும் பன்னெண்டு தடவை அலறியிருந்துச்சு, பன்னெண்டும் பொய். பதிமூணாவது தடவை, மாசக் கடைசி ராத்திரி ரெண்டு மணிக்கு, நான் முறையில இருந்தப்ப அலறுச்சு.

நான் ஒண்ணும் தூங்கிடலை. ஒழுங்காத்தான் எழுந்து திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. அப்பவும் மனசு கேக்கலை, பக்கத்து ஊர்ல இன்னொரு டீம்ல முழிச்சிருந்த நண்பருக்குப் போன் போட்டேன். அவரும் அவர் திரையைப் பார்த்து "இங்கயும் பச்சைதான் பாஸ், போய்ப் படுங்க"ன்னார். ரெண்டு பேர் பார்த்தாச்சு, ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியாச்சு. அலாரத்தை அமுக்கிட்டுப் படுத்துட்டேன்.

காலையில பார்த்தா, என் திரையும் அவர் திரையும் ஒரே அட்டவணையில இருந்துதான் எண்ணிக்கையை எடுத்துக் காட்டுது. அந்த அட்டவணை ராத்திரி ஒன்றரை மணிக்கே புதுப்பிக்கப்படாம நின்னு போச்சு. ஒன்றரை மணி பச்சையைத்தான் நாங்க ரெண்டு பேரும் ரெண்டு மணிக்குப் பார்த்துட்டு இருந்தோம். அலறின அலாரம் மட்டும்தான் வேற வழியா, நேரா போய்ப் பார்த்துட்டு உண்மையைச் சொல்லியிருக்கு. அதைத்தான் நாங்க நம்பலை. ஒரு கம்பெனி ஊழியர்களுக்கு அன்னிக்குக் காலையில போக வேண்டிய சம்பளம் சாயங்காலம்தான் போச்சு. வீட்டு வாடகை, கடன் தவணைன்னு எத்தனை பேர் அன்னிக்கு அல்லாடினாங்களோ. டமேஜர் திட்டினதை விட அந்த நினைப்புதான் ரெண்டு நாள் குடைஞ்சுது.

நிற்க. இதே தப்பை 35,000 அடி உயரத்துல, இருட்டுல, நூத்துக்கணக்கான பேரை வச்சுக்கிட்டுச் செஞ்சா என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விமானப் போக்குவரத்து வரலாற்றுல பதில் இருக்கு. கொஞ்ச நாளா அதைத்தான் தேடித் தேடிப் படிச்சுட்டு இருக்கேன். படிச்சதுல முக்கியமானதை மட்டும் இங்க கொட்டிடறேன்.

முதல்ல ஒரு சின்னப் பாடம்

விமானத்துக்குத் தன் வேகம் எப்படித் தெரியும்? சக்கரம் ரோட்டுல உருண்டா கணக்குப் போடலாம். ஆகாயத்துல? மூக்குப் பக்கத்துல முன்னோக்கி நீட்டிக்கிட்டு இருக்கிற சின்னக் குழாய்கள் இருக்கும். பேரு பிட்டோ குழாய். எதிர்க்காத்து அதுக்குள்ள மோதுற அழுத்தம் ஒண்ணு. உடம்போட பக்கவாட்டுல இருக்கிற சின்னத் துளைகள்ல கிடைக்கிற, சும்மா சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தம் இன்னொண்ணு. இந்த ரெண்டாவதுக்கு ஸ்டேட்டிக் துளைன்னு பேர். முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா வேகம். ரெண்டாவதை மட்டும் எடுத்துக்கிட்டா உயரம், ஏன்னா மேல போகப் போகக் காத்தழுத்தம் குறையும். இதுபோக, இறக்கை காத்தை எந்தக் கோணத்துல வெட்டுதுன்னு சொல்ல சின்னத் துடுப்பு மாதிரி ஒரு உணர்கருவி. இந்தக் கோணம் அதிகமாயிட்டா இறக்கை தூக்குற சக்தியை இழந்துடும். அதுதான் 'ஸ்டால்'.

இதெல்லாம் ஒண்ணுக்கு ரெண்டு மூணா வச்சிருப்பாங்க. கேப்டனுக்கு ஒரு செட், துணை விமானிக்கு ஒரு செட், அவசரத்துக்கு ஒண்ணு. ஒண்ணு பொய் சொன்னா மத்ததைக் கேட்டுக்கலாம்னு கணக்கு. கணக்கு சரிதான். ஆனா நடந்தது வேற.

பம்பாய், 1978

1978 ஜனவரி 1, புத்தாண்டு ராத்திரி. ஏர் இந்தியாவோட 'எம்பரர் அசோகா' பம்பாய் சாந்தாகுரூஸ்ல இருந்து துபாய்க்குக் கிளம்புது. ஏர் இந்தியா வாங்கின முதல் ஜம்போ, போயிங் 747. கடலுக்கு மேல போனதும் லேசா வலது பக்கம் திரும்பி, மறுபடி நேராச்சு. ஆனா கேப்டன் முன்னாடி இருந்த, விமானம் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு காட்டுற கருவி நேராகலை. இன்னும் வலது பக்கம் சாய்ஞ்சிருக்குன்னே காட்டிட்டு இருந்துச்சு.

கேப்டன் என்ன பண்ணுவார்? நேராக்கறதுக்கு இடது பக்கம் திருப்பினார். நேரா இருந்த விமானம் இடது பக்கம் சாய ஆரம்பிச்சுது. மீட்டர் அசையலை. இன்னும் திருப்பினார். கருவியில கோளாறுன்னு அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சு, வாய்விட்டும் சொன்னார். ஆனா துணை விமானி தன் கருவியும் தலைகீழாப் போயிடுச்சுன்னு நினைச்சார். உண்மையில அது சரியாத்தான் வேலை செஞ்சிருக்கணும்னு விசாரணையில முடிவுக்கு வந்தாங்க. அவரோட கருவி இடது பக்கம் பயங்கரமா சாய்ஞ்சு காட்டினதால, அதுவும் கெட்டுப்போச்சுன்னு தோணியிருக்கு. பின்னாடி உக்காந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர் மட்டும் அதை நம்பாதீங்கன்னு கேப்டன்கிட்ட சொல்லப் பார்த்தார். நேரம் இல்லை. கிளம்பி 101 விநாடியில விமானம் பாந்த்ரா பக்கத்துக் கடல்ல விழுந்துச்சு. 213 பேர். ஒருத்தரும் பிழைக்கலை.

"ஜன்னல் வழியா வெளியே பார்த்திருக்கலாமே?"ன்னு கேக்கலாம். நானும் அதைத்தான் முதல்ல நினைச்சேன். கீழே கடல், மேல ராத்திரி. அடிவானம்னு ஒரு கோடே கிடையாது. உடம்பு சொல்றதைக் கேக்கலாம்னா, உடம்பு அதை விடப் பெரிய பொய்யன். மெதுவா திரும்பற விமானத்துல நேரா உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும். அதனாலதான் விமானிகளுக்கு முதல் பாடமே "உடம்பை நம்பாதே, கருவியை நம்பு". அந்தப் பாடத்தை ஒழுங்காப் படிச்ச ஒரு அனுபவசாலியைத்தான் அந்தப் பாடமே அன்னிக்கு ஏமாத்துச்சு.

குளவியும் ஒட்டுநாடாவும்

அடுத்தது 1996. ஒரே வருஷத்துல ரெண்டு விபத்து, ரெண்டுமே போயிங் 757.

பிப்ரவரி 6. டொமினிகன் குடியரசுல புவர்ட்டோ பிளாட்டாங்கிற ஊர்ல இருந்து பிர்கன்ஏர்ங்கிற துருக்கி நிறுவனத்தோட விமானம் ஜெர்மனிக்குக் கிளம்புது. பறக்காம நின்ன நாட்கள்ல பிட்டோ குழாய்க்கு உறை போடாம விட்டிருந்தாங்க. நம்ம வீட்டு ஜன்னல் ஓரத்துல களிமண் உருட்டிக் கூடு கட்டுமே, அந்த மாதிரி குளவி ஒண்ணு கேப்டன் பக்கத்துக் குழாய்க்குள்ள கூடு கட்டியிருக்கும்னுதான் விசாரணையில சொன்னாங்க.

ஓடுபாதையில ஓடும்போதே தன் வேகமானி வேலை செய்யலைன்னு கேப்டனுக்குத் தெரிஞ்சிடுச்சு. ஆனாலும் மேல எழுப்பினார். இங்கதான் விஷமம். அடைச்ச குழாய் சும்மா இருக்காது. உள்ள மாட்டின காத்தோட அழுத்தம் அப்படியே இருக்கும். விமானம் மேல ஏற ஏற வெளிக் காத்தழுத்தம் குறையும். ரெண்டுக்கும் வித்தியாசம் கூடும். வித்தியாசம்தானே வேகம்? அதனால செத்துப் போன வேகமானிக்கு உயிர் வந்த மாதிரி முள் ஏற ஆரம்பிச்சுது. "அப்பாடா, சரியாயிடுச்சு"ன்னு தோணும். கேப்டன் பக்கத்துக் கருவியைக் கேட்டு ஓட்டின ஆட்டோபைலட் "ரொம்ப வேகம்"னு நினைச்சு மூக்கை மேல தூக்குச்சு. அதிவேக எச்சரிக்கை அலறுச்சு. கொஞ்ச நேரத்துல ஸ்டால் எச்சரிக்கையும் வந்து, பிடிச்சிருந்த கண்ட்ரோல் உதற ஆரம்பிச்சுது. ஒரு அலாரம் ரொம்ப வேகமா போறேங்குது, இன்னொண்ணு ரொம்ப மெதுவா போறேங்குது. ஒரே நேரத்துல ரெண்டும்! துணை விமானியோட வேகமானி சரியான எண்ணைத்தான் காட்டிட்டு இருந்துச்சு. ஆனா அதை வச்சு யாரும் முடிவெடுக்கலை. அட்லாண்டிக்ல விழுந்து 189 பேர் போனாங்க.

எட்டு மாசம் கூட ஆகலை. அக்டோபர் 2, பெருவோட தலைநகர் லிமா. ஏரோபெரு 603. விமானத்தைக் கழுவி மெருகேத்தும்போது தண்ணி போகக்கூடாதுன்னு ஸ்டேட்டிக் துளைகள் மேல ஒட்டுநாடா ஒட்டியிருந்தாங்க. வேலை முடிஞ்சதும் எடுக்க மறந்துட்டாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவங்க கண்லயும் படலை. மேல சொன்ன பாடம் ஞாபகம் இருக்கா? ஸ்டேட்டிக் துளை அடைச்சா வேகமும் பொய், உயரமும் பொய். மூணு செட் இருந்து என்ன பிரயோஜனம், மூணு பேர் வாயையும் ஒரே நாடாவால கட்டியாச்சு.

ராத்திரி, கடலுக்கு மேல, கிட்டத்தட்ட அரை மணி நேரம் அந்த விமானிகள் போராடியிருக்காங்க. அதிவேக அலாரம், ஸ்டால் அலாரம், இன்னும் என்னென்னவோ. விமானிகள் புத்திசாலித்தனமா ஒரு காரியம் பண்ணாங்க. தரையில இருக்கிற கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட "எங்க உயரம் எவ்வளவுன்னு உங்க ரேடார்ல பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. அவரும் 9,700 அடின்னார். விமானத்துல இருந்த மீட்டரும் அதேதான் காட்டுச்சு. ரெண்டு சாட்சி, ஒரே பதில்.

ஆனா ரேடார் திரையில வர்ற அந்த உயரம் ரேடார் அளந்தது இல்லை. விமானமே தன் கருவியில இருந்து எடுத்து அனுப்பற எண்ணைத்தான் அது திருப்பிக் காட்டும். அதாவது, நாடா ஒட்டின அதே துளைகள்ல இருந்து வந்த அதே பொய், லிமா வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து "நான் ரெண்டாவது சாட்சி"ன்னு நின்னுச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி ரெண்டு மணி, ரெண்டு பச்சைத் திரை, ஒரே அட்டவணை.

இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த விமானத்துல தரை நெருங்குதுன்னு எச்சரிக்கிற கருவி ஒண்ணு இருந்துச்சு. அது காத்தழுத்தத்தை நம்பி வேலை செய்யறதில்லை. ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, அது திரும்பி வர்ற நேரத்தை வச்சு உயரத்தை அளக்கும். அது மட்டும்தான் உண்மையைச் சொல்லிட்டு இருந்துச்சு, திரும்பத் திரும்ப. அத்தனை பொய் அலாரம் கேட்ட காதுல அதுவும் இன்னொரு பொய்யா விழுந்துச்சு. இறக்கை தண்ணியில உரசின பிறகுதான் உண்மை புரிஞ்சுது. 70 பேர். புலி வருது கதையில கூட பொய் சொன்னதும் உண்மை சொன்னதும் ஒரே பையன். இங்க பொய் சொன்னது ஒருத்தன், நம்பிக்கை போனது இன்னொருத்தனுக்கு.

குவாண்டாஸ் 72

இப்ப நான் ரொம்ப நேரம் உக்காந்து படிச்ச கதைக்கு வருவோம். இதுல குளவியும் இல்லை, ஒட்டுநாடாவும் இல்லை. நம்ம ஆளுங்க எழுதுற சமாச்சாரம்தான், மென்பொருள்.

2008 அக்டோபர் 7. சிங்கப்பூர்ல இருந்து ஆஸ்திரேலியாவோட பெர்த் நகரத்துக்கு ஒரு ஏர்பஸ் ஏ330. 303 பயணிகள், 12 ஊழியர்கள். கேப்டன் கெவின் சல்லிவன், முன்னாள் அமெரிக்கக் கடற்படைப் போர் விமானி. பட்டப்பகல், தெளிவான வானம், 37,000 அடி. மதியம் 12:40 மணிக்கு ஆட்டோபைலட் தானா கழண்டுச்சு. உடனே ஸ்டால் எச்சரிக்கை, அதிவேக எச்சரிக்கை, ரெண்டும் மாத்தி மாத்தி. துணை விமானி அப்ப ஓய்வுக்குப் போயிருந்தார், வலது சீட்ல இருந்தது மூணாவது விமானி.

சல்லிவன் ரெண்டையும் நம்பலை. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியாது, விமானமோ அமைதியா நேரா போயிட்டு இருக்கு. கையில எடுத்து ஓட்டினார், மாற்றுக் கருவிகளைப் பார்த்தார். துணை விமானியை வரச்சொல்லி ஆள் அனுப்பும்போது, 12:42-க்கு, யாரும் எதையும் தொடாம விமானம் மூக்கைக் கீழே குத்திப் பாய்ஞ்சுது. மூக்கு கீழ்நோக்கி 8.4 டிகிரி. கேக்க சின்ன எண்ணாத்தான் இருக்கு. ஆனா சீட் பெல்ட் போடாதவங்க, நின்னுட்டு இருந்தவங்க எல்லாம் மேல் கூரையில போய் மோதினாங்க. சல்லிவன் கண்ட்ரோலைப் பின்னாடி இழுத்தார். முதல்ல விமானம் கேக்கவே இல்லை. அப்புறம்தான் கேட்டுச்சு. 650 அடி இறங்கியிருந்துச்சு. மூணு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது தடவை, இந்தத் தடவை 400 அடி.

என்ன நடந்துச்சு? விமானத்துல காத்துச் சம்பந்தமான தகவலைச் சேகரிச்சு அனுப்பற கணினி மூணு உண்டு. அதுல முதலாவது அன்னிக்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி விட்டு விட்டுத் தப்பான எண்களை அனுப்பிச்சு. இறக்கைக் கோணம் 50 டிகிரிக்கு மேலன்னு நடுநடுவுல ஒரு துள்ளல். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு மூணு வருஷம் ஆராய்ஞ்சு 2011 டிசம்பர்ல இறுதி அறிக்கை கொடுத்துச்சு. அதுல ஒரு விஷயம் பார்த்து அசந்துட்டேன். 37,000 அடி உயரத்தைக் குறிக்கிற பைனரி பிட்டுகளை எடுத்து, "இது கோணம்"னு லேபிள் மாத்தி ஒட்டிப் படிச்சா அந்த 50 டிகிரிச் சொச்சம் வருது! அதாவது தகவல் கெட்டுப்போகலை, லேபிள் மாறிப்போச்சு. நம்மள்ல எத்தனை பேர் தப்பான காலத்துல தப்பான எண்ணை எழுதி ராத்திரி முழுக்க முழிச்சிருக்கோம்?

சரி, ஒரு கணினி உளறினா மத்த ரெண்டை வச்சுக் கண்டுபிடிக்கலாமே? கண்டுபிடிக்க அல்காரிதம் இருந்துச்சு. பறக்கும் கட்டுப்பாட்டுக் கணினி மூணு கோணத்தையும் ஒப்பிடும். ஒண்ணு திடீர்னு துள்ளினா, அதை விட்டுட்டு, துள்ளறதுக்கு முன்னாடி இருந்த நல்ல எண்ணை 1.2 விநாடிக்கு ஞாபகம் வச்சு ஓட்டும். பெரும்பாலான துள்ளல் அதுக்குள்ள அடங்கிடும். ஆனா அந்த 1.2 விநாடி முடியுற சரியான தருணத்துல இன்னொரு துள்ளல் வந்தா? அது சல்லடையில மாட்டாம நழுவி உள்ளே போயிடும். அன்னிக்கு அப்படித்தான் ரெண்டு தடவை நழுவுச்சு. விமானம் ஸ்டால் ஆகப்போகுதுன்னு நம்பின கணினி, காப்பாத்தறேன்னு மூக்கைக் கீழே தள்ளுச்சு. அதோட பார்வையில அது செஞ்சது சரிதான்.

டெஸ்டிங் பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணாங்க. ஒரு துள்ளல் வந்தா, துள்ளி அங்கேயே நின்னா, எல்லாம் பார்த்தாங்க. 1.2 விநாடி இடைவெளியில ரெண்டு துள்ளல் வரும்னு யாருக்கும் தோணலை. அந்த வகைக் கணினிகள் மொத்தமா 12 கோடியே 80 லட்சம் மணி நேரத்துக்கு மேல ஓடினதுல, இப்படி உளறினது மூணே தடவைன்னு அறிக்கை சொல்லுது. அதுல ரெண்டு தடவை உளறினது அந்த ஒரே பொட்டி! 2006-லயும் அதே விமானத்துல அது உளறியிருக்கு, அப்ப ஒண்ணும் ஆகலை. மூலகாரணம் என்னன்னு கடைசி வரைக்கும் பிடிபடலை. ஆனா நழுவ விட்ட அல்காரிதத்தை மாத்தி எழுதிட்டாங்க.

மறுபடி சல்லிவன்கிட்ட போவோம். அவர் நிலைமையை யோசிங்க. கேபின்ல நிறைய பேர் ரத்தக் காயத்தோட. அலாரம் நிக்கவே இல்லை, திரையில கோளாறுச் செய்தி உருண்டுக்கிட்டே இருக்கு. மூணாவது தடவை மூக்கு குத்துமா, தரைக்குப் பக்கத்துல போகும்போது குத்துமா, தெரியாது. பெர்த் வரைக்கும் போகாம, பக்கத்துல லியர்மன்த்ங்கிற விமானப்படைத் தளத்துல இறக்க முடிவு பண்ணார். பகல் வெளிச்சத்துல கண்ணால பார்த்து, கையால ஓட்டி, 1:32-க்கு இறக்கினார். குறைஞ்சது 110 பயணிகளுக்கும் 9 ஊழியர்களுக்கும் காயம், அதுல 12 பேருக்குப் பலத்த காயம். ஒருத்தரும் சாகலை.

அவர் சில வருஷத்துல பறக்கறதை விட்டுட்டார். அந்த நாள் மனசை எப்படிப் பாதிச்சுதுன்னு வெளிப்படையாப் பேசினார், 2019-ல புத்தகமும் எழுதினார். அலாரம் பொய்தான். ஆனா அது கொடுத்த காயம் பொய் இல்லை.

அதுக்கப்புறமும் முடியலை

2009 ஜூன் 1, ஏர் பிரான்ஸ் 447. ரியோவுல இருந்து பாரிஸ். பிட்டோ குழாய்கள்ல பனிக்கட்டி அடைச்சு வேகமானிகள் குழம்பினது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. ஆனா அந்தக் குழப்பத்துல மூக்கை மேல இழுத்துப் பிடிச்சு, விமானம் நிஜமாவே ஸ்டால் ஆயிடுச்சு. அதுல ஒரு வில்லங்கம் பாருங்க. அளந்த வேகம் 60 நாட்டுக்குக் கீழ போனா, கோணம் அளக்கற கருவியை நம்ப முடியாதுன்னு ஸ்டால் எச்சரிக்கையை நிறுத்திடுவாங்க. அதனால விமானி மூக்கை மேல இழுத்தா அலாரம் நிக்குது, சரியான காரியமா மூக்கைக் கீழே விட்டா அலாரம் மறுபடி அலறுது! தப்பு பண்ணா அமைதி, சரியாப் பண்ணா திட்டு. 228 பேர்.

2018 அக்டோபர் 29, இந்தோனேசியாவுல லயன் ஏர் 610. 2019 மார்ச் 10, எத்தியோப்பியன் 302. ரெண்டும் போயிங் 737 மேக்ஸ், மொத்தம் 346 பேர். இதுல மூக்கைக் கீழே தள்ளற மென்பொருள் கேட்டது ஒரே ஒரு கோணக் கருவியைத்தான். பத்து வருஷம் முன்னாடி குவாண்டாஸ்ல மூணு கருவியை ஒப்பிட்டும் ஓட்டை விழுந்துச்சு. இங்க ஒப்பிடவே இல்லை. லயன் ஏர்ல விழுந்த அதே விமானம் முந்தின நாள் ராத்திரி பாலியில இருந்து ஜகார்த்தாவுக்கு அதே கோளாறோட வந்து பத்திரமா இறங்கியிருக்கு. காக்பிட்ல கூடுதலா ஒரு விமானி உக்காந்து வந்திருக்கார். தானா மூக்கைத் தள்ளற மோட்டாரோட சுவிட்சை அணைச்சுட்டு மீதி தூரத்தைக் கையால ஓட்டி வந்தாங்க.

சரி, என்னதான் பண்றது?

இவ்வளவு படிச்சதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். "கருவியை நம்பு"ங்கறதும் தப்பு, "மனசு சொல்றதை நம்பு"ங்கறதும் தப்பு. இப்ப விமானிகளுக்கு வேகமானி கெட்டா என்ன பண்ணணும்னு மனப்பாடமா ஒரு முறை சொல்லிக் கொடுக்கறாங்க. மூக்கை ஒரு குறிப்பிட்ட கோணத்துல வை, இன்ஜினை ஒரு குறிப்பிட்ட சக்தியில வை. இந்தக் கோணத்துக்கும் இந்தச் சக்திக்கும் விமானம் இந்த வேகத்துலதான் போகும், வேற வழியே இல்லை, அது இயற்பியல். மூக்கோட கோணத்தையும் இன்ஜின் சக்தியையும் காட்டற கருவிகள் பிட்டோ குழாயை நம்பி இல்லை. அப்படி முதல்ல ஒரு நிலைக்கு வந்துட்டு, நிதானமா எது பொய்னு தேடு.

அதாவது, கேக்க வேண்டிய கேள்வி "எத்தனை சாட்சி?" இல்லை. "இந்தச் சாட்சிக்கு யார் சொன்னாங்க?" பத்து மீட்டர் ஒரே குழாய்ல இருந்து தண்ணி குடிச்சா அது ஒரு மீட்டர்தான். தனியா வேற வழியில வர்ற ஒத்தை அலாரம், பத்து பச்சை விளக்கை விடப் பெரிய சாட்சியா இருக்கலாம். பம்பாய்ல அந்த இன்ஜினியர், லிமாவுல அந்த ரேடியோ உயரமானி, எங்க ஆபீஸ்ல அந்த பதிமூணாவது அலாரம்.

ஆனா அலாரத்தைக் கேக்காதவனை மட்டும் திட்டிட்டு விட்டுட முடியாது. பன்னெண்டு தடவை பொய்யா அலறவிட்டதும் எங்க டீம்தான். அந்த அலாரத்தோட வரம்பை எழுதினவன் நான்தான், ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சீக்கிரம் கிளம்பணுங்கிற அவசரத்துல. இதை மீட்டிங்ல சொன்னேன். ஒரு நிமிஷம் யாரும் பேசலை. அப்புறம் டமேஜரே, "சரி, இனிமே பொய்யா அடிக்கிற ஒவ்வொரு அலாரத்தையும் நிஜக் கோளாறு மாதிரியே எழுதி வச்சு சரி பண்ணுவோம்"ன்னார். பரவாயில்லை, மனுஷன்தான் :-)

இப்ப ரெண்டு திரையும் வேற வேற இடத்துல இருந்து எடுக்குது. திரையோட மூலையில "கடைசியாப் புதுப்பிச்ச நேரம்"னு ஒரு வரி சேர்த்திருக்கேன். பழைய பச்சைன்னா சாம்பல் நிறமாயிடும். எழுத ஒன்றரை மணி நேரம்தான் ஆச்சு.

உங்க வேலையிலயும் இப்படி ஒரே குழாய்ல தண்ணி குடிக்கிற ரெண்டு மீட்டர் இருக்கா? நாளைக்கு ஒரு தடவை பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி 1: நான் விமானி இல்லை, விமானத்துல ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுற ஆள். தெரிஞ்சவங்க தப்பு கண்டுபிடிச்சா தலையில குட்டுங்க, திருத்திக்கறேன்.

டிஸ்கி 2: பயமுறுத்தறதுக்கு எழுதலை. ஒவ்வொரு விபத்துக்கும் அப்புறம் உக்காந்து பக்கம் பக்கமா அறிக்கை எழுதி, ஊருக்கே படிக்கக் கொடுத்து, திருத்தினதாலதான் இன்னிக்கு இவ்வளவு பத்திரமாப் பறக்கறோம். ஆனா சீட் பெல்ட் விளக்கு அணைஞ்சதும் படக்குன்னு கழட்டுற ஆளா நீங்க? குவாண்டாஸ் 72-ஐ நினைச்சுக்கிட்டு, உக்காந்திருக்கும்போது லேசா மாட்டியே வைங்க சாமி.